அறுபத்து மூவர் காட்டும் மனித இயல்பு

திருமயிலை அருள்மிகு கபாலீசுவரர் திருக்கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று அறுபத்து மூவர் திருவீதி உலா நடைபெறுகிறது. நான்கு மாட வீதிகளிலும் மக்கள் வெள்ளமெனத் திரண்டு நிற்க, நாயன்மார்கள் பல்லக்குகளில் எழுந்தருளுகின்றனர். அவர்களுள் அரசர் உண்டு, வேடர் உண்டு. வணிகர் உண்டு, மீனவர் உண்டு. துணி வெளுத்துத் தொண்டு செய்தவரும் உண்டு. குலமும் தொழிலும் வேறாயினும் அன்பு ஒன்றே என்பதை இவ்விழா உணர்த்துவதாகப் பெரியோர் கூறுவர்.

இவ்வடியார்களின் மன இயல்பும் ஒன்றல்ல என்பதை நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. கோபம் மிகுந்தவர், கூச்சம் மிகுந்தவர், உரிமையோடு வாதிடுபவர், ஒரு சொல்லும் பேசாதவர் என அத்தனை பேருக்கும் அந்த உலாவில் இடம் இருக்கிறது. "பிறரைப் போல் எனக்குப் பாட வரவில்லை, தியானத்தில் மனம் நிற்கவில்லை, என் பக்தி குறைபாடுடையதோ" என்று வருந்தும் அன்பர்கள் பலர். அவர்களுக்கு இவ்வுலா நல்லதொரு பாடமாகும்.

முக்குணங்கள்

மனித இயல்பைச் சாத்துவிகம், இராசதம், தாமதம் என மூன்றாக வகுத்துக் கூறுவது நம் நாட்டின் பழைய மரபு. தெளிவும் அமைதியும் சாத்துவிகம். வேகமும் விருப்பமும் இராசதம். சோம்பலும் மயக்கமும் தாமதம். பகவத் கீதையின் 14ஆம் அத்தியாயம் இம்மூன்றையும் விரித்துரைக்கிறது. ஒருவரிடம் ஒரு குணம் மட்டுமே உண்டு என்று அந்நூல் கூறவில்லை. மூன்றும் எல்லோரிடமும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்று மேலோங்கி மற்ற இரண்டையும் அடக்கி நிற்கும் என்பதே அதன் கருத்து.

செயலைப் பார்த்து மட்டும் குணத்தை அறிய இயலாது. 17ஆம் அத்தியாயம் தானத்தையே மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. திருவிழா நாளில் மாட வீதியில் நீர்மோர் வழங்குவதை எண்ணிப் பார்க்கலாம். பயன் கருதாது தாகம் தீர்ப்பதற்கென்றே வழங்குவது சாத்துவிகம். தம் பெயர் பலரறிய விளங்க வேண்டும் என்று வழங்குவது இராசதம். வாங்குவோரை இகழ்ந்து, எரிச்சலோடு வழங்குவது தாமதம். மோர் ஒன்றே, மனம் மூன்று. காலையில் முதல் வகையாகத் தொடங்கிய கை, வெயில் ஏறிய பின் மூன்றாம் வகையாக மாறிவிடுவதும் உண்டு.

இன்றைய உளவியல் கூறுவது

சுவிட்சர்லாந்து நாட்டு மனநல அறிஞர் கார்ல் யூங், 1921ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் மனிதரை அகமுக நோக்கினர், புறமுக நோக்கினர் என வகைப்படுத்தினார். முன்னவர் தனிமையில் வலிமை பெறுபவர். பின்னவர் மக்கள் நடுவே ஊக்கம் கொள்பவர். இதன் அடிப்படையில் எழுந்த வினாத்தாள்கள் இன்று கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பரவியுள்ளன. எனினும், மனிதரைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்துவிட முடியாது என்றும், பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் இடைப்பட்டே நிற்கின்றனர் என்றும் பிற்கால ஆய்வாளர்கள் கண்டனர். குணங்கள் கலந்தே நிற்கும் என்ற நம் மரபின் கருத்தும் இதற்கு அணித்தாக அமைந்துள்ளது.

மௌனமே வழிபாடான வாயிலார்

திருமயிலையில் அவதரித்த வாயிலார் நாயனார் அகமுக இயல்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். அவர் மலர் கொய்யவில்லை, பதிகம் பாடவில்லை, மடம் அமைத்ததாகவும் வரலாறு இல்லை. இறைவனை மறவாத மனத்தையே கோயிலாக்கினார்; உணர்வை விளக்காக ஏற்றினார்; ஆனந்தத்தைத் திருமஞ்சன நீராகவும் அன்பைத் திருவமுதாகவும் கொண்டு உள்ளத்துள்ளேயே பூசித்தார். சேக்கிழார் பெருமான் இவருடைய வரலாற்றை மிகச் சுருக்கமாகவே பாடியுள்ளார். வெளியே நிகழ்ந்தது மிகக் குறைவு; உள்ளே நிகழ்ந்ததே முழுவதும்.

நால்வகை மாட வீதியும் அதிரும் பெருவிழாவில், பேசாமல் வழிபட்ட அந்த மயிலை அடியாரும் உலா வருகிறார். கூட்டத்தில் கலந்து பாட இயலாத அன்பர் இதை எண்ணி ஆறுதல் பெறலாம்.

சினம் கொண்ட எறிபத்தர்

கருவூரில் வாழ்ந்த எறிபத்த நாயனார் இதற்கு நேர்மாறான இயல்பினர். சிவகாமியாண்டார் இறைவனுக்கு எடுத்துச் சென்ற பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிதறியது கண்டு, மழுவேந்தி யானையையும் பாகரையும் வீழ்த்தினார். செய்தியறிந்து வந்த புகழ்ச்சோழ மன்னரோ, அடியாருக்கு நேர்ந்த தீங்கிற்கு இத்தண்டனை போதாதெனக் கருதித் தம்மையும் வெட்டுமாறு வாளை நீட்டினார். அக்கணமே எறிபத்தரின் சினம் அடங்கியது. இத்தகைய அன்பருக்குத் துன்பம் விளைத்தோமே என்று கலங்கி, அவ்வாளைத் தம் கழுத்திலேயே பூட்டினார். இறையருளால் யானையும் பாகரும் உயிர்பெற்று எழுந்தனர்.

சினமுடையவர் அடியாராக முடியாது என்று பெரியபுராணம் கூறவில்லை. ஆனால் பிறருடைய நற்குணம் கண்முன் நின்றபோது அச்சினம் தலை வணங்கியது. நம் சினம் அவ்வாறு வணங்குகிறதா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நால்வர், நான்கு உறவு

சைவ மரபு இறைவனை அடையும் நெறியை நான்காகக் காட்டுகிறது. உழவாரப் படை ஏந்திய அப்பர் பெருமான் தொண்டராக நின்றார், அது சரியை. ஞானசம்பந்தர் மகனாக நின்றார், அது கிரியை. சுந்தரர் தோழராக நின்றார்; அது யோகம். மாணிக்கவாசகர் ஞானநெறியில் இறைவனோடு ஒன்றி நின்றார். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கனியும் படிகளாகவும் ஆன்றோர் கொள்வர். ஆகவே ஒருவர் இன்று நிற்கும் படி, அவருடைய முடிவான இடம் அன்று.

1897ஆம் ஆண்டு சென்னையில் இராமகிருஷ்ண மடம் தோன்றியது. சுவாமி விவேகானந்தரும் செயல், பக்தி, மன ஒருமை, ஞானம் ஆகிய நான்கு யோகங்களை அவரவர் இயல்புக்கு ஏற்ற வழிகளாக விளக்கினார்.

இயல்பு ஒரு சாக்காகுமா?

"என் சுபாவமே அப்படி" என்று கூறித் தவற்றை மறைப்பது எளிது. இங்கே சுந்தரர் வரலாறு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், சங்கிலியாரைப் பிரியேன் என அவர் சூளுரைத்தார். பின்னர் திருவாரூர் வசந்த விழாவைக் காணும் ஆவலால் அச்சொல்லைக் கடந்து புறப்பட்டார். இரு கண்களின் ஒளியையும் இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெறும் வரை இருளிலேயே நடந்தார்.

அவருடைய ஆவல் இறைவன்மீது கொண்டதே, தோழமையும் அழியவில்லை. ஆயினும் கொடுத்த வாக்கை மீறியதன் பயனை அவர் ஏற்க வேண்டியிருந்தது. இயல்பு வழியைத் தருகிறது. பொறுப்பிலிருந்து விலக்குத் தருவதில்லை.

இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

இப்பாடம் முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் இல்லமே. அமைதியான குழந்தையைத் துடிப்பான உடன்பிறப்போடு ஒப்பிட்டுப் பேசும் பெற்றோர், அறியாமலேயே அக்குழந்தையின் உள்ளத்தில் தாழ்வு எண்ணத்தை விதைக்கின்றனர். வாயிலாரிடம் எறிபத்தரின் மழுவைக் கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை. கணவன் மனைவியரும், மாமியார் மருமகளும் ஒருவர் இயல்பை மற்றவர் குற்றமாகக் கொள்ளாதிருந்தால் பாதிப் பூசல்கள் குறையும்.

அன்பர்கள் நாள்தோறும் உறங்கச் செல்லுமுன் பின்வருவனவற்றைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்:

1. இன்று என்னிடம் மேலோங்கி நின்ற குணம் எது? அது எந்த நேரத்தில் மாறியது?

2. நான் செய்த நற்செயலில் புகழ் விருப்பம் எவ்வளவு கலந்திருந்தது?

3. எந்த வழிபாட்டில் என் மனம் இயல்பாக நின்றது? தொண்டிலா, பாடலிலா, மௌனத்திலா?

4. என் இயல்பைக் காரணம் காட்டி யாருக்கேனும் கொடுத்த வாக்கைத் தவறவிட்டேனா?

பிறர் குணத்தை அளப்பதற்கு இக்கேள்விகளைப் பயன்படுத்தலாகாது. தம்மைத் தாம் அறிவதற்கே இவை உரியன.

மார்கழி ரேவதி வாயிலார் நாயனாரின் குருபூசை நாள். அன்று திருமயிலைத் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள், அவரை வணங்கிச் சிறிது நேரம் பேசாது அமர்ந்து, இறைவன் தமக்களித்த இயல்பு எதுவென உணர்ந்து, அதனையே அவன் திருவடிக்கு மலராக்கி உய்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.