முகச் சுருக்கமும் முப்பது நாள் விளம்பரமும்

நரை, திரை, மூப்பு என்று நம் முன்னோர் மூன்றையும் சேர்த்தே சொன்னார்கள். நரை என்பது முடி வெளுப்பது. திரை என்பது தோல் சுருங்குவது. அரசன் முதல் ஆண்டி வரை யாரையும் விடாத விருந்தாளிகள் இவை. ஔவையார் இளம் வயதிலேயே விநாயகரை வேண்டி முதுமையைக் கேட்டுப் பெற்றார் என்று கதை கூறுகிறது. இன்றோ முதுமையை முப்பதே நாளில் விரட்டுவதாகச் சொல்லும் கிரீம்கள் நம் பாலக்கரைக் கடைகளிலும் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. நம் அம்மாக்களும் அத்தைகளும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அவற்றை வாங்குகிறார்கள். அந்தப் பணத்திற்கு ஏற்ற பயன் உண்டா? அறிவியல் பாடத்தில் தோலைப் பற்றிப் படிக்கும் நாம் இதைச் சற்று ஆராய்வோம்.

தோல் ஏன் சுருங்குகிறது?

நம் தோலில் மேல்தோல், உள்தோல் என இரண்டு முக்கிய அடுக்குகள் உள்ளன. உள்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் இருக்கின்றன. கொலாஜன் தோலுக்கு உறுதி தருகிறது. எலாஸ்டின், இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருகிறது. வளர்ந்த பருவத்திற்குப் பிறகு கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. கயிறு தளர்ந்த கட்டில் தொய்ந்து போவதைப் போலத் தோலும் தொய்ந்து மடிப்பு விழுகிறது.

இது வயதின் வேலை. ஆனால் முகத்தைப் பொறுத்தவரை வயதைவிட வேகமாக வேலை செய்வது வெயில்தான். வீட்டில் உள்ள பாட்டியின் புறங்கையையும், ரவிக்கைக்குள் மறைந்திருக்கும் மேற்கையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிற்கும் ஒரே வயதுதான். ஆயினும் புறங்கை சுருங்கிப் புள்ளி விழுந்திருக்கும். மேற்கையின் உட்புறம் மிருதுவாக இருக்கும். இந்த வேறுபாடு வெயிலால் வந்தது.

2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது லாரி ஓட்டுநரின் படம் வெளியாயிற்று. 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர் அவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தடித்து ஆழமாகச் சுருங்கியிருந்தது. வலது கன்னமோ அந்த அளவு மாறவில்லை. காரணம், புற ஊதாக் கதிர்களில் 'ஏ' வகை கண்ணாடியையும் ஊடுருவி வந்து உள்தோல் வரை சென்று கொலாஜனைச் சிதைக்கிறது.

நம் திருச்சியிலோ ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது; நம் நிழல் நம் காலடியிலேயே விழுகிறது. காந்தி மார்க்கெட்டில் தரையில் கூறு கட்டிக் காய்கறி விற்கும் பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக் கொள்வது இதனால்தான். நம் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி ஓரளவு காப்பாற்றுகிறது. ஆகவே வெள்ளைத் தோல் உடையவர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது. ஆனால் மங்கும் கரும்புள்ளியும் முந்திக்கொள்கின்றன.

கிரீம்களால் ஆவது என்ன?

கடையில் விற்கும் பெரும்பாலான கிரீம்கள் தோலின் ஈரத்தைக் காக்கின்றன. ஈரம் நின்றால் மெல்லிய கோடுகள் தற்காலிகமாக மறைந்தது போலத் தோன்றும். கிளிசரினும் தேங்காய் எண்ணெயும்கூட வறட்சியைப் போக்கும். அதற்கு ஆயிரம் ரூபாய் டப்பா தேவையில்லை.

உண்மையாகவே ஓரளவு மாற்றம் தருபவை 'ஏ' வைட்டமினிலிருந்து பிறந்த ரெட்டினாய்டு மருந்துகள். முகப்பருவுக்காக வந்த டிரெட்டினாயின் என்னும் மருந்து வெயிலால் கெட்ட தோலையும் சீராக்குகிறது என்று அமெரிக்காவின் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986-ல் எழுதினார்கள். ஆனால் பலன் தெரிய மாதக் கணக்காகும். தோல் எரிச்சல் வரலாம். கருவுற்ற தாய்மார்கள் இதைத் தொடவே கூடாது. மருத்துவர் சொல்லாமல் வாங்குவது தவறு.

மூன்றாவது, வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைக் கொண்டு நாலரை ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதிர்ச்சி மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்ததென 2013-ல் வெளியிட்டார்கள். வந்த சுருக்கத்தை நீக்குவதைவிட வராமல் காப்பதே எளிது என்று இதனால் விளங்குகிறது.

ஊசி மருந்து

'போடாக்ஸ்' என்னும் ஊசி மருந்து, கெட்டுப்போன உணவில் உண்டாகும் கொடிய விஷத்திலிருந்து பெறப்படுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? முதலில் மாறுகண்ணைச் சரிசெய்ய மிகச் சிறிய அளவில் இதைப் பயன்படுத்தினார்கள். கனடாவில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், ஊசி போட்ட இடத்தில் சுருக்கமும் மறைவதை அறிந்தார். கணவர் அலஸ்டருடன் சேர்ந்து 1992-ல் அதைப் பற்றி எழுதினார். 2002-ல் அமெரிக்க அரசு புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு இதை அனுமதித்தது. தசையைத் தளர்த்துவதால் கோடு மறைகிறது. மூன்று நான்கு மாதங்களில் பழையபடி திரும்பிவிடும். மீண்டும் ஊசி, மீண்டும் செலவு. லேசர், அமிலப் பூச்சு போன்ற சிகிச்சைகள் தேர்ச்சி இல்லாதவர் கையில் நம் போன்ற மாநிறத் தோலில் கருந்தழும்பை உண்டாக்கக்கூடும்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல

சில கிரீம்கள் பயனற்றவை மட்டுமல்ல, ஆபத்தானவையும்கூட. கேரளத்தில் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! அக்கிரீம்களில் இருந்த பாதரசமே காரணமெனக் கருதப்பட்டது. பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் குணமடைந்தார்கள் என்பது ஆறுதல். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி முகத்தில் பூசும் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இன்னொரு வகை. பூசியவுடன் முகம் பளிச்சென்று தோன்றும். நாளடைவில் தோல் மெலிந்து சிவந்து, முன்னைவிட மோசமாகும். இத்தகைய 14 மருந்துக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென 2018-ல் மத்திய அரசு ஆணையிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

1. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே சென்றால் குடை பிடிக்க வேண்டும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' இப்பழக்கம் நம் வயதிலேயே தொடங்கட்டும்.
2. கிரீம் வாங்கும்போது தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி மூன்றையும் படிக்க வேண்டும். இவை இல்லாத டப்பா இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.
3. வீட்டில் யாரேனும் புகைபிடித்தால் அன்போடு தடுக்க வேண்டும். புகையும் கொலாஜனை அழிக்கிறது.
4. நாட்பட்ட மங்கு, புண், நிறம் மாறும் மச்சம் இருந்தால் அழகு நிலையத்திற்குச் செல்லாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆண்டு பல ஆகியும் நரைக்காதது ஏன் என்று கேட்டவர்களுக்குப் புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார் எந்த மருந்தையும் சொல்லவில்லை. நல்ல மனைவி மக்கள், குறிப்பறியும் ஏவலர், முறை தவறாத அரசன், சான்றோர் நிறைந்த ஊர் என்றே காரணம் சொன்னார். கவலை குறைந்த இல்லமே அவர் கண்ட மருந்து. அந்த மருந்தை நம்மாலும் தர முடியும். "அம்மா, உனக்கு வயதாகிவிட்டது" என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் சொல்தான் பல வீடுகளில் கிரீம் டப்பாவை வாங்க வைக்கிறது. அந்தக் கேலியை விட்டுவிடுவோம். அடுத்த முறை அம்மா உச்சி வெயிலில் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டால் மாலையில் நாம் போய் வருவதாகச் சொல்வோம். இல்லையேல் குடையை எடுத்து அவர் கையில் கொடுப்போம்.