குழந்தையின் கற்பனை: கல்வியின் முதற்படி

மாலை வேளை. சப்பாத்தி தேய்ப்பதற்காகத் தாய் பூரிக்கட்டையைத் தேடுகிறாள். அது கூடத்து மூலையில், தலையணை மீது, ஒரு துண்டால் போர்த்தப்பட்டுக் கிடக்கிறது. அருகில் அமர்ந்திருக்கும் மூன்று வயது மகள் உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதே அம்மா, பாப்பாவுக்குக் காய்ச்சல். இப்போதுதான் தூங்குகிறாள்" என்கிறாள்.

அடுப்பில் கல் காய்கிறது. கட்டையைப் பிடுங்கிக்கொண்டு செல்வது எளிது. "இது பாப்பா இல்லை, கட்டை" என்று திருத்துவதும் எளிது. ஆனால் அந்தக் கணத்தில் குழந்தையின் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பதை உணர்ந்த தாய் சற்றே நிதானிப்பாள்.

ஒன்றில் மற்றொன்றைக் காணுதல்

கட்டை கட்டைதான் என்பது அக்குழந்தைக்குத் தெரியும். தெரிந்தே அதைப் பாப்பாவாகக் கொள்கிறாள். வெற்றுக் கிண்ணத்திலிருந்து பால் அருந்துவதுபோலப் பாவனை செய்வதில், பெரும்பாலும் ஒன்றரை வயதளவில், இந்த ஆற்றல் அரும்புகிறது. மூன்று வயதில் அது ஒரு சிறு கதையாகவே விரிகிறது. தனக்குக் காய்ச்சல் வந்தபோது தாய் செய்த பணிவிடையை வரிசை மாறாமல் நினைவில் வைத்து, அதே பரிவை மற்றோர் உயிருக்கு அளிப்பதாக அவள் நடித்துப் பார்க்கிறாள்.

பின்னாளில் தாளில் உள்ள ஒரு வளைகோட்டை 'அ' என்னும் ஒலியாகக் கொள்ளவேண்டுமானால், ஒன்றை மற்றொன்றின் அடையாளமாக ஏற்கும் இதே ஆற்றல்தான் தேவை. குழந்தையின் பாவனை விளையாட்டும் கிறுக்கல் சித்திரமும் எழுத்துக்கு முன்னோடிகள் என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) விளக்கியுள்ளார். விளையாட்டைப் பறித்துவிட்டுப் பலகையைக் கையில் திணிப்பது வேரை வெட்டிக் கிளைக்கு நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

வளர்ச்சி ஒரு பந்தயம் அன்று

"பக்கத்து வீட்டுக் குழந்தை நூறு வரை எண்ணுகிறதே!" என்னும் கவலை பல இல்லங்களில் அமைதியைக் குலைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளின் அசைவு வளர்ச்சியை ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. ஆரோக்கியமான குழந்தை தனித்து நடக்கத் தொடங்கும் காலம் சுமார் 8 மாதம் முதல் 17½ மாதம் வரை பரந்திருப்பதை அது காட்டியது. சுமார் 4 சதவீதக் குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை. ஆகவே, வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே நாள் என்பது இல்லை.

அதே சமயம், எல்லையைக் கடந்தும் அலட்சியமாக இருத்தல் கூடாது. பதினெட்டு மாதமாகியும் நடக்காவிடில், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடில், அழைத்தால் திரும்பாவிடில், கற்ற சொல்லையோ செயலையோ இழந்துவிடில், "தானே சரியாகும்" என்று காத்திராமல் குழந்தை மருத்துவரை நாடவேண்டும். விரைவில் கண்டறிதல் பெரும் உதவியாகும்.

பவநகரின் 'மீசை வைத்த அம்மா'

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா (1885–1939) வழக்கறிஞராக இருந்தவர். 1913-இல் மகன் பிறந்தபின், குழந்தையை வளர்ப்பது எங்ஙனம் என்று படிக்கத் தொடங்கினார். அத்தேடல் அவரது வாழ்வையே மாற்றியது. வழக்கறிஞர் தொழிலை விட்டு, பவநகர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1920-இல் பால மந்திரைத் தொடங்கினார். அங்கு அச்சத்திற்கும் அடிக்கும் இடமில்லை; கதையும் பாட்டும் விளையாட்டுமே பாடங்கள். மக்கள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அன்புடன் அழைத்தனர். நூறாண்டுகளுக்குப் பின், 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரையிலான அடித்தளப் பருவத்திற்கு விளையாட்டு வழிக் கல்வியையே வலியுறுத்தியது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. காலி டப்பா, பழைய துணி, அட்டைப்பெட்டி, சிறிது களிமண் ஆகியவை போதும். "நிலா என் கூடவே வருகிறது" என்று குழந்தை சொன்னால், "அப்படியா! நாம் நின்றால் அது என்ன செய்கிறது, பார்ப்போமா?" என்று கேட்கலாம். அக்கேள்வி கற்பனையைக் கலைக்காமல் கவனித்துப் பார்க்கும் பழக்கத்தை வளர்க்கும். "வாசலில் யானை வந்தது" என்றால் பொய்யென்று கடிந்துகொள்ள வேண்டாம். நடந்ததும் நினைத்ததும் வேறென்பது அவ்வயதில் மெல்லத்தான் தெளிவாகும். நாள்தோறும் சிறிது நேரம், கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டு, குழந்தை சொல்வதை முழுவதும் கேட்டல் நன்று.

அந்தத் தாயும் அதையே செய்தாள். அருகில் அமர்ந்து கட்டையைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டுவிட்டதே! பாப்பா என்னோடு சமையலறைக்கு வரலாமா?" என்று கேட்டாள். மகள் சற்று யோசித்தாள். பிறகு துண்டை மெல்ல விலக்கி, கட்டையை இரு கைகளாலும் எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். "மெதுவாகப் பிடித்துக்கொள், அம்மா" என்றாள்.

சப்பாத்திக்கு இரண்டு நிமிடம் தாமதமாயிற்று. அந்த இரண்டு நிமிடத்தில் குழந்தை தன் சொல்லுக்கு வீட்டில் மதிப்புண்டு என்பதைக் கற்றது.