சூதும் கைப்பேசியும்: ஒரு சிறு கணக்கு

மகாபாரதத்தில் தருமபுத்திரர் இரண்டு முறை சூதாடினார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதல் ஆட்டத்தில் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் திரௌபதியையும் இழந்தார். திரௌபதிக்குத் திருதராட்டிரர் அளித்த வரத்தால் யாவும் மீண்டன. ஊர் திரும்பும் வழியிலேயே மறுபடியும் அழைப்பு வந்தது. மறுபடியும் சென்று அமர்ந்தார். பன்னிரண்டாண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாவது ஆட்டத்தின் பயனே. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத் தீமிதியில் திரௌபதி அம்மனை வணங்கிவரும் மெய்யன்பர்களுக்கு இக்கதை புதிதன்று. அந்த இரண்டாவது அழைப்பு இன்று கைப்பேசியில், இரவு இரண்டு மணிக்கும் வருகிறது என்பதே புதிது.

கணக்கைப் பார்ப்போம். நாம் நன்கறிந்த ஃபோர்-டி குலுக்கலில் 10,000 எண்கள். பரிசு பெறுபவை 23. ஒரு வெள்ளி ‘பிக்’ பந்தயத்திற்கு முதல் மூன்று பரிசுகள் 2,000, 1,000, 490 வெள்ளி. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 250, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,590. அதாவது பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினாலும் 3,410 வெள்ளி நட்டம். டோட்டோவில் ஒரு சாதாரணச் சீட்டு முதற்பரிசை எட்டும் வாய்ப்பு 1,39,83,816இல் ஒன்று. கோயிலில் கண்ட எண், கனவில் வந்த எண் என்று எதை எழுதினாலும் இக்கணக்கு மாறாது. ‘அந்தப் பணம் பொதுநலப் பணிக்குத்தானே போகிறது’ என்பாரும் உண்டு. தருமம் செய்ய விரும்புவோர் நேராகவே செய்யலாமே!

இணையச் சூதாட்டத்தில் ஒவ்வொரு பந்தயத்திற்கும் நட்ட விகிதம் இதைவிடக் குறைவாகவே தோன்றும். ஒரே ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் அது நூற்றுக்கு 2.7 மட்டுமே. ஆபத்து வேகத்தில் இருக்கிறது. ஃபோர்-டி முடிவுக்குக் குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் நிமிடத்திற்குப் பத்து முறை பொத்தானை அழுத்தலாம். ஒரு வெள்ளி வீதம் மணிக்கு 600 வெள்ளி பந்தயம் ஆகிறது. நூற்றுக்கு நான்கு நட்டம் என்று கொண்டால், சராசரியாக மணிக்கு 24 வெள்ளி கரையும்.

‘இலவச ஊக்கத்தொகை’ என்பதும் அப்படியே. 100 வெள்ளி தருவார்கள்; அதை எடுப்பதற்கு முன் முப்பது மடங்கு, அதாவது 3,000 வெள்ளிக்கு ஆட வேண்டும் என்பது போன்ற நிபந்தனை சிறு எழுத்தில் இருக்கும். அதே நான்கு விழுக்காட்டின்படி 3,000 வெள்ளி ஆட்டத்தில் 120 வெள்ளி போய்விடும். கிடைத்த நூறும் போய், கைப்பணமும் இருபது வெள்ளி போயிற்று.

2010இல் இங்குச் சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டபோது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2019இல் அது 150 ஆயிற்று. வாசலில் ஒருவர் சற்று நின்று யோசிப்பதற்கே இந்தத் தடை. கைப்பேசிக்கு அத்தகைய வாசல் இல்லை. சட்டம் மட்டும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெறாத தளத்தில் ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்தகைய தளம் வென்ற பணத்தைத் தர மறுத்தால், ஆடியவர் எந்த முகத்தோடு காவல் நிலையம் செல்வார்?

தேக்காவில் ஞாயிறு மாலை ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் தொழிலாளர் அன்பர்கள் இதைச் சிறப்பாகக் கருத வேண்டும். ஊரிலும் இவ்வாட்டத்திற்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 2023 முதல் தடைச்சட்டம் நடைமுறையில் உள்ளது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது.

வீட்டில் ஒருவர் இதில் சிக்கியிருந்தால், கடனை அடைத்துவிட்டு மறைப்பதே நம் குடும்பங்களின் வழக்கம். அடைத்த கடன் அவருக்கு அடுத்த ஆட்டத்திற்கான முதலாகிவிடுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். தேசியப் பிரச்சினைச் சூதாட்ட மன்றத்தின் உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. குடும்பத்தாரே விண்ணப்பித்து, அவர் சூதாட்டக் கூடங்களுக்குள் நுழையாதபடி விலக்கு ஆணை பெறவும் வழி உண்டு.