மரதன் ஓடப் போகிறீர்களா? காசு சேர்க்கும் முன் உடலைக் கேளுங்கள்



"அம்மா, வாற சித்திரையில லண்டன் மரதன் ஓடப்போறன். காயப்பட்ட படைவீரருக்குக் காசு சேர்க்கிறம், வேலையிடத்தில எல்லாரும் சேர்ந்து." இப்படிச் சொல்லிக்கொண்டு ஒருநாள் உங்கள் மகளும் வந்து நிற்கலாம். படைவீரர் என்ற சொல்லைக் கேட்டதும் தாத்தா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போகவும் கூடும். இராணுவம் என்றால் நம்மில் பலருக்கு வேறு நினைவுகள் வருகின்றன. போர் மனதை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவும் தேவையில்லை. யாருக்காக ஓடுவது என்பது ஓடுபவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. அதை வீட்டில் ஆறுதலாக இருந்து பேசிக்கொள்ளுங்கள். இந்த இதழில் நாம் பார்க்கப்போவது, அந்த ஓட்டத்துக்கு உடலை எப்படித் தயார் செய்வது என்பதைத்தான்.

ஓட்டமும் வாக்குறுதியும்

மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர், அதாவது 26 மைலுக்குச் சற்று அதிகம். இலண்டன் மரதன் 1981இல் தொடங்கியது. சீட்டுக் குலுக்கலில் இடம் கிடைக்காத பலர் அறக்கட்டளைகள் மூலம் ஓடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பதிலாகப் பொதுவாக 2,000 பவுண்களோ அதற்கு மேலோ சேர்த்துத் தருவதாக வாக்களிக்க வேண்டும். படைவீரர்களுக்கென்று இயங்கும் அமைப்புகளில் 1919இல் தொடங்கிய 'கொம்பாற் ஸ்ரெஸ்' முன்னாள் வீரர்களின் மனக்காயங்களுக்கு உதவுகிறது. 1921இல் தொடங்கிய 'றோயல் பிரிட்டிஷ் லீஜியன்' கார்த்திகை மாதத்தில் பொப்பிப் பூ விற்பதால் நமக்கெல்லாம் தெரிந்தது. 'ஹெல்ப் ஃபோர் ஹீரோஸ்' 2007இல் தொடங்கியது.

ஆபத்தும் இந்த வாக்குறுதியில்தான் இருக்கிறது. பெரியப்பா 50 பவுண் தந்திருப்பார், கோயிலில் கண்டவர்கள் 10 பவுண் தந்திருப்பார்கள். "இத்தனை பேரிடம் காசு வாங்கிவிட்டு எப்படி நிற்பது?" என்ற வெட்கத்தில் முழங்கால் வீங்கினாலும் ஓடுகிறோம், காய்ச்சலோடும் ஓடுகிறோம். நேர்த்திக்கடன் வைத்தவர் போல உடலை வருத்துகிறோம்.

மேஜர் பில் பாக்கரின் கதையை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 2008இல் ஈராக்கின் பஸ்ராவில் அவருடைய முதுகெலும்பு மோசமாகக் காயப்பட்டது. இனி நடக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட அவர், 2009ஆம் ஆண்டு இலண்டன் மரதனை ஊன்றுகோல்களுடன் ஏப்ரல் 26இல் தொடங்கி மே 9இல் முடித்தார். வைத்தியர்களின் சொல்லைக் கேட்டு நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மைல்தான் நடந்தார். 'ஹெல்ப் ஃபோர் ஹீரோஸ்' அமைப்புக்காக அவர் சேர்த்த பணம் பெருந்தொகை. மெதுவாகப் போனார் என்பதற்காக யாரும் அதைக் குறைக்கவில்லை. தன் உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிந்து நடந்ததால்தான் அவரால் முடிக்க முடிந்தது.

தொடங்கும் முன்

தெற்காசியர்களான நமக்கு இதய நோயும் நீரிழிவும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. பிரித்தானியாவில் இரண்டாம் வகை நீரிழிவு நம்மவர்களிடம் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். ஆகவே 40 வயதைத் தாண்டியவர்கள், குருதி அமுக்கம், நீரிழிவு, கொலஸ்ரரோல் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் முதலில் குடும்ப வைத்தியரைக் காணுங்கள். இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சீனி திடீரென்று இறங்கலாம். அளவை மாற்றுவது பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயப்படவும் தேவையில்லை. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மரதனும் அரை மரதனும் ஓடிய சுமார் 1 கோடியே 9 இலட்சம் பேரை ஆராய்ந்தபோது, 59 பேருக்குத்தான் இதயம் நின்றது. ஆனால் அவர்களில் பலருக்கு முன்பே தெரியாத இதயக் கோளாறு இருந்தது. அதனால்தான் வைத்தியரைக் காணச் சொல்கிறோம்.

பயிற்சி

• இதுவரை ஓடியே பழக்கமில்லாதவர், நடையும் ஓட்டமும் மாறிமாறிச் செய்து 5 கிலோமீற்றர் ஓடப் பழகுவதற்கே இரண்டு மாதமளவு வேண்டும். அதன் பிறகு மரதன் பயிற்சிக்கு 16 முதல் 20 வாரங்கள்.

• கிழமைக்கு மூன்று அல்லது நான்கு நாள் போதும். அதில் ஒருநாள் நீண்ட ஓட்டம். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

• ஆக நீண்ட ஓட்டம் 18 முதல் 20 மைல். அதைப் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் முடித்துவிட்டு, பின்னர் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

• போட்டி நாளில் புதுச் சப்பாத்து வேண்டாம்.

• கறுத்த தோலுள்ள நமக்கு இந்நாட்டு வெயிலில் விற்றமின் டி போதாது. நாளுக்கு 10 மைக்கிரோகிராம் எடுக்கும்படி இங்குள்ள அரச ஆலோசனை. எலும்பில் ஓரிடத்தில் மட்டும் விடாமல் நோ இருந்தால் அது வெடிப்பாக இருக்கலாம், ஓடாதீர்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

ஓட்டத்துக்கு எரிபொருள் மாப்பொருள். நமக்குப் பழக்கமான சோறு, இடியப்பம், புட்டு எல்லாம் நல்லவைதான். முதல்நாள் இரவு உறைப்பும் எண்ணெயும் குறையட்டும். உடலில் சேமித்த மாப்பொருள் 20 மைலளவில் தீர்ந்துவிடும். அதனால் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாப்பொருளை இனிப்பாகவோ வாழைப்பழமாகவோ எடுக்கப் பயிற்சியிலேயே பழகுங்கள்.

தண்ணீர் கூடினாலும் ஆபத்து. 2002 பொஸ்ரன் மரதனில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 வீதமானோருக்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, நிற்கும் இடமெல்லாம் குடிப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். தலையிடி, வாந்தி, தடுமாற்றம் இதன் அறிகுறிகள். தாகத்துக்குக் குடியுங்கள். நோவுக்கு ஐபுபுரொஃபென் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

உடனே நிற்க வேண்டியது எப்போது?

நெஞ்சில் இறுக்கம் அல்லது நோ, வழமைக்கு மாறான மூச்சுமுட்டு, படபடப்பு, மயக்கம், குழப்பம் இருந்தால் அடுத்த முதலுதவி இடத்தில் நின்றுவிடுங்கள். நடக்க முடியாவிட்டால் அருகில் நிற்பவரை அழையுங்கள். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் தொடங்கவே வேண்டாம். காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை பாதிக்கப்படலாம்.

ஓட முடியாமல் போனால்?

அறக்கட்டளைக்கு உடனே சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. காசு தந்தவர்களுக்கும் உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் தந்தது நீங்கள் உதவ நினைத்தவருக்காக, உங்கள் முழங்காலைக் கெடுப்பதற்காக அல்ல. வரி கட்டுபவர்கள் 'கிஃப்ற் எய்ட்' படிவத்தில் ஒப்பம் இட்டால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் மேலதிகமாக அறக்கட்டளைக்குச் சேரும். நீங்கள் கூடுதலாக ஒரு மைலும் ஓடத் தேவையில்லை.

காயப்பட்டவருக்கு உதவப் போய் நாமே காயப்பட்டு வரலாமா? ஆறுதலாகப் பயிற்சி எடுங்கள். வைத்தியரிடம் போகும் திகதியை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டிலுள்ளவர்களும் ஞாயிறு காலையில் கூட நடந்தால், ஓடுபவருக்குத் துணை, நடப்பவருக்கு நலம்.