பாஞ்சாலி கேட்டாள், சீரியல் கேட்பதில்லை

சீயமங்கலம்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். “பொண்ணை அடிமையா காட்டுற சீரியலை எதுக்கு சித்தி தினமும் பாக்கறீங்க?” என்று போனில் கேட்டாய். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிவி வந்துதான் பெண்கள் கெட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் திரட்டிய விவரங்களை வைத்து, கேபிள் வந்த கிராமங்களையும் வராத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். வந்த ஊர்களில், புருஷன் அடிப்பது நியாயம்தான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் தளர்ந்திருந்தது. வேலைக்குப் போகிற, தன் பேரில் பணம் வைத்திருக்கிற பெண்ணைத் திரையிலாவது பார்த்ததில் ஏதோ அசைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு கூரை வீடுகளுக்குள்ளும் அது வந்துவிட்டது.

ஆனால் நீ கேட்டதில் ஒரு பாதி உண்மை.

2022-இல் சன் டிவியில் திருச்செல்வம் இயக்கத்தில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியது. அதில் வீட்டின் மூத்தவரான ஆதி குணசேகரன் படித்த பெண்களாகத் தேடித் தன் தம்பிகளுக்குக் கட்டி வைப்பார். கட்டியபின் அந்தப் படிப்பை அடுப்படிக்குள் முடக்கிவிடுவார். இத்தனை துல்லியமாக நம் வீடுகளைக் காட்டிய தொடர் குறைவு. அப்பத்தாவின் பெயரில் இருந்த நாற்பது சதவீதச் சொத்துக்காக அந்த வீடே ஆட்டம் காணும்போது, குணசேகரனின் அதட்டல் எதன் மேல் நிற்கிறது என்று புரிந்துவிடும். பத்திரமும் பணமும் யார் கையில் இருக்கிறதோ, அவர் குரல்தான் அந்த வீட்டில் உயரும். மாமியாரும் மருமகளும் வாய்ச்சண்டை போடுவதையே ஆயிரம் எபிசோடு காட்டும் தொடர்கள் இந்த இடத்துக்கு வரவே வராது.

அப்புறம் நடந்ததுதான் என்னை வருத்தியது. குணசேகரனாக மாரிமுத்து அற்புதமாக நடித்தார். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது வீட்டில் ஒருவர் போனதைப்போல ஊரே பேசியது. ஆனால் பெண்களை அதட்டும் அந்த “ஏய், இந்தாம்மா” செல்லமான வேடிக்கையாகிவிட்டது. சின்னப் பையன்கள்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். 1984-இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ தொடரிலும் இப்படித்தான். எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் பாகவந்தியைப் பார்த்துப் பெண்கள் விழித்துக்கொள்வார்கள் என்று எண்ணி எழுதினார்கள். பார்த்தவர்களில் நிறையப் பேர், அவள்தான் உத்தமி, அப்படி இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சீரியல்களில் திடீரென்று தாலி கட்டிவிடும் காட்சியை நான் மன்னிக்கவே மாட்டேன். கோயிலில் எவனோ வந்து கட்டிவிடுவான், அவள் அழுவாள், நாளாக நாளாக அவன் நல்லவன் என்று தெரிந்து காதலிப்பாள். 1967-இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்தபோது, இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே திருமணம் செல்லும் என்று வைத்தார்கள். வலுக்கட்டாயமாகச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று இந்துத் திருமணச் சட்டமும் சொல்கிறது. 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டம், செலவுக்குக் காசு தராமல் ஒடுக்குவதையும் வன்முறையாகவே எழுதியிருக்கிறது. எந்தக் கதாநாயகியாவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

கடைசியில் வில்லன் திருந்துவான், இல்லாவிட்டால் செத்துப்போவான். குற்றம் ஒரு மனிதனின் குணத்தோடு முடிந்துபோகும். அவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்ற கேள்வி எழுவதில்லை.

நம் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரியில் இருப்பதைத்தான் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் மூலக்கோயில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். டிவிக்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தச் சீமையில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த பெண்கள், பாஞ்சாலி சபையில் நின்று கேட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள். தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்கிறாள். துச்சாதனன் கெட்டவன் என்பதோடு அவள் நிறுத்தவில்லை; புருஷனின் உரிமையையே கேட்கிறாள், வாயடைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் சேர்த்துக் கேட்கிறாள். பாஞ்சாலி வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஆண்தான் என்பது எனக்குக் குறைதான். ஆனாலும் கேள்வியின் கூர்மை மழுங்கவில்லை.

கோடையில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு வா. துகிலுரிதல் ஆடும் இரவில் முன்னால் உட்கார்ந்து, அந்தச் சபையில் யார் யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார். மறுநாள் ஏதாவது ஒரு சீரியலைச் சேர்ந்தே பார்ப்போம். அதில் அவர்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சித்தி