லாக்கப் சீன் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு

எடிட்டிங் அறையிலேயே முப்பது வருஷத்தைக் கழித்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. ரத்தம் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். தாராளமாகக் காட்டலாம். லாக்கப்பில் நடப்பதைப் பூசி மெழுகினால் அது அடித்தவனுக்குத்தான் உதவும். ஆனால் கேமரா யார் பக்கம் நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

2. 'விசாரணை'யை இன்னொரு தடவை பாருங்கள். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983-இல் குண்டூர் லாக்கப்பில் 13 நாள் பட்டதை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். அதைத்தான் இயக்குநர் வெற்றிமாறன் படமாக்கினார். பூங்காவில் படுத்துக் கிடந்த கூலிப் பையன்களைப் பிடித்துவந்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். கேஸை முடித்தாக வேண்டும், அதற்குத்தான் அந்த அடி. யாருக்காக, எதற்காக அடிக்கிறார்கள் என்று தெரிவதால்தான் ஒவ்வொரு அடிக்கும் நம் வயிறு கலங்குகிறது. எவனும் விசில் அடிப்பதில்லை.

3. ஸ்லோ மோஷன் வேண்டாம். பின்னணி இசையும் வேண்டாம்.

4. காட்டாமலும் காட்டலாம். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1956-இல் எடுத்த 'எ மேன் எஸ்கேப்ட்' படத்தின் தொடக்கத்தில், ஜெர்மானியர் பிடித்துப்போகும் கைதி காரிலிருந்து குதித்து ஓடுகிறான். கேமரா அவன் பின்னால் போகாமல் காலி சீட்டைப் பார்த்தபடி காருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே துப்பாக்கிச் சத்தம். சற்று நேரத்தில் அவனை அதே சீட்டில் கொண்டுவந்து தள்ளி விலங்கு மாட்டுகிறார்கள். சிறைக்குள் அவன் வாங்கும் அடியையும் நாம் பார்ப்பதில்லை, ரத்தம் தோய்ந்த சட்டையைத்தான் பார்க்கிறோம்.

5. வலி அடியோடு முடிந்துவிடாது. ஒரு புது இயக்குநர் நான்கு நிமிஷ அடிதடிக் காட்சியோடு என்னிடம் வந்தார். நாற்பது வினாடியாகக் குறைத்தோம். மறுநாள் கோர்ட்டுக்குக் கிளம்பும் பையன் வீங்கின விரலோடு சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறும் ஷாட்டை மட்டும் முழுசாக விட்டோம். தியேட்டரில் ஜனம் மூச்சுவிடாமல் பார்த்தது அதைத்தான்.

6. எனக்கு ரத்தத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஹீரோ போலீஸ் கைதியை அடிக்க, தியேட்டர் கைதட்டுகிறதே, அந்தச் சீன்தான். ரத்தம் ஒரு சொட்டுகூட இருக்காது, சென்சாரும் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அடித்தால்தான் நியாயம் கிடைக்கும் என்று பத்து வயசுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்ட அப்பாவும் மகனும் செத்த பிறகு, போலீஸைப் பெருமைப்படுத்திப் படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரியே சொன்னார். வெற்றிப்படம் கொடுத்த மனிதர் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்த வேதனை உங்களுக்குப் படம் எடுக்கும் முன்பே வரட்டும்.

7. ஸ்கிரிப்டில் கை வைக்குமுன் லாக்கப்பில் அடிபட்டு வந்த ஒருவரைத் தேடிப்போய் உட்கார்ந்து கேளுங்கள். என்னிடம் பேசியவர் தன் அடியை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். பக்கத்து அறையில் தம்பி கத்தியதைத்தான் ஒரு மணி நேரம் சொன்னார்.