மருந்தை நிறுத்துங் காலம்

மருந்தைத் தொடங்குங் காலத்தை நோயே அறிவிக்கும். நிறுத்துங் காலத்தை அறிவிப்பது யாது? காய்ச்சல் தணிந்தால் கஷாயம் நிற்கும். புண் ஆறினால் கட்டு அவிழும். ஆயின், உடலில் எஞ்சியுள்ளதோ இல்லையோ என அறியவொண்ணாத நோயை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் மருந்திற்கு அத்தகைய அடையாளம் யாதுமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தபின் நாடோறும் உட்கொள்ளும் ஹார்மோன் மருந்து அவ்வகையினது. எம் அத்தையார் அதனை உட்கொள்ளத் தொடங்கி ஐந்தாண்டு நிறைந்தபோது, "இனி நிறுத்தலாமா, தொடரலாமா எனச் சேர்ந்து ஆராய்வோம்" என்றனர் மருத்துவர். அது கேட்டு அவர் மகிழ்வார் என யாம் எண்ணியிருந்தோம், அவரோ அஞ்சினார். அவ்வச்சமே எம்மை இப்பொருளை ஆராயத் தூண்டியது.

முதற்கண் இம்மருந்தின் இயல்பை அறிதல் வேண்டும். மார்பகப் புற்றுக்களுட் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பால் ஊக்கம் பெற்று வளர்வன. கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்பகப் புற்றும் சுருங்கக் கண்டு, அதனை 1896-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1962-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்து ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் வேதியியலறிஞர் டாமாக்சிஃபெனை ஆக்கினர். கருத்தடைக்கென நாடப்பட்ட அப்பொருள், அதற்குதவாது, இந்நோய்க்கு மருந்தாயிற்று. பூட்டினுள் வேறொரு சாவியை நுழைத்துவைத்தால் உரிய சாவி நுழைய இடமின்றிப் போதல் போல, இது புற்றணுவில் ஈஸ்ட்ரோஜன் சேருமிடத்தை அடைத்துக்கொள்ளும். மாதவிடாய் முற்றும் நின்ற மகளிர்க்குத் தரப்படும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் முதலியனவோ அச்சுரப்பு உடலில் உண்டாவதையே குறைப்பன.

எத்துணை ஆண்டு உட்கொள்ளல் வேண்டும்? ஐந்தாண்டிற்கு மேற்பட்ட டாமாக்சிஃபெனால் மிகுபயன் இல்லையென அமெரிக்க ஆய்வொன்று காட்டியமையின், 1990-களில் ஐந்தாண்டே வரையறையாயிற்று. பின்னர், ஈஸ்ட்ரோஜனால் வளரும் புற்றுடைய 6,846 மகளிரிடத்து நிகழ்ந்த 'அட்லஸ்' ஆய்வின் முடிபு 2012-இல் வெளிவந்தது. நோய் கண்ட ஐந்தாம் ஆண்டு முதற் பதினான்காம் ஆண்டு வரை அந்நோயால் இறத்தல், ஐந்தாண்டில் நிறுத்தியோர்க்கு நூற்றுக்கு 15.0, பத்தாண்டு தொடர்ந்தோர்க்கு 12.2. ஆயின் கருப்பை உட்படலப் புற்று உண்டாதல் நூற்றுக்கு 1.6-இலிருந்து 3.1 ஆக உயர்ந்தது. ஊதியமும் இழப்பும் ஒருங்கே வருதலின், அனைவர்க்கும் ஓரெல்லை வகுத்தல் அரிதாயிற்று.

எனின், முடிவு செய்யுமாறு எங்ஙனம்? திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றனையும் எண்ணிச் செய்தல் வேண்டுமென அறிவுறுத்தினர். அம்முறையே இதற்கும் பொருந்துமென்பது எம் கருத்து.

நோயின் நிலை: ஐந்தாண்டு மருந்துண்டு நிறுத்திய 62,923 மகளிரைப் பற்றிய தொகுப்பாய்வு 2017-இல் வெளிவந்தது. அடுத்த 15 ஆண்டில் உடலின் வேறிடத்து நோய் தோன்றும் அளவு, கட்டி சிறிதாய் அக்குளின் நிணநீர்க் கணுக்களிற் பரவாதிருந்தோர்க்கு நூற்றுக்கு 13. கட்டி பெரிதாய் நான்கு முதல் ஒன்பது கணுக்களிற் பரவியிருந்தோர்க்கு 41. முன்னவர்க்கு நிறுத்தலும் பின்னவர்க்குத் தொடர்தலும் பெரும்பாலும் தக்கனவாதல் இதனால் விளங்கும்.

காலம்: நீட்டுதல் என்பது பத்தாண்டு வரை நீட்டுதலே என்று கொள்ளற்க. ஐந்தாண்டு மருந்துண்ட மகளிர்க்கு அனாஸ்ட்ரோசோலை மேலும் இரண்டாண்டு தருதலையும் ஐந்தாண்டு தருதலையும் ஒப்பிட்ட ஆஸ்திரிய நாட்டு ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நோய் மீளாது வாழ்ந்தோர் தொகையில் இருசாரார்க்கும் வேற்றுமை காணப்படவில்லை. எலும்பு முறிவோ நூற்றுக்கு 4.7-உம் 6.3-உமாக, நெடிது உண்டோர்க்கே மிகுந்தது.

நோயாளியின் நிலை: இதுவே பெரிதும் மறக்கப்படுவது. லெட்ரோசோல் முதலியவற்றால் மூட்டுக்கள் நோகும். எலும்பு அடர்த்தி குன்றும். டாமாக்சிஃபெனால் உடல் வெம்மை எழும். அரிதிற் குருதி உறைதலும் உண்டு. இவற்றைத் தாங்காது மருத்துவரிடம் உரையாமலே மாத்திரையைக் கைவிடுவார் பலர். அது தீது, உரைத்தால் வேறு மருந்து மாற்றவும், எலும்பைக் காக்கவும் வழியுண்டு. மற்றொருசாரார், நிறுத்திய மறுநாளே நோய் மீளுமென நடுங்குவர். ஐந்தாண்டு உண்ட டாமாக்சிஃபெனின் காவலோ நிறுத்திய பின்னும் பல்லாண்டு நிற்பதென ஆய்வுகள் காட்டுகின்றன. ஆதலின் நோவு பற்றித் தானே நிறுத்தலும், அச்சம் பற்றி எல்லையின்றித் தொடர்தலும் ஒருங்கே ஒழிக்கத்தக்கன.

எம் அத்தையார்க்கு இரண்டு கணுக்களில் நோய் பரவியிருந்தது. முழங்கால் நோவு மிகுதி. எலும்பும் சிறிது மெலிந்திருந்தது. மருத்துவர் இவையனைத்தையும் எடுத்துரைத்து, "உமக்கு எது பெருஞ்சுமை? மருந்தின் நோவா, நிறுத்துதலின் அச்சமா?" என வினவினர். அத்தையார் நெடிது எண்ணி, "இரண்டுமே, எனினும் முடியும் நாள் தெரிந்தால் நோவைப் பொறுப்பேன்" என்றார். மேலும் இரண்டாண்டு உண்பதெனவும், எலும்பை ஆய்ந்து காப்பதெனவும், அதன்பின் நிறுத்துவதெனவும் இருவரும் துணிந்தனர். வீடு வந்ததும் அவர் அந்நாளை நாட்காட்டியின் பின்னட்டையிற் குறிக்கச் சொன்னார், யாமே குறித்தோம்.

மருந்தை நிறுத்துதல் நோயாளியைக் கைவிடுதலன்று. அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. அந்நாளைக் குறிக்குங்கால், ஆய்வுகள் தரும் எண்களோடு, மாத்திரையை நாடோறும் விழுங்குபவரின் சொல்லும் வைத்தெண்ணப்படல் வேண்டும். அச்சொல்லைக் கேளாது செய்யும் முடிவு, எத்துணை நுண்ணிதாயினும், முழுமையுடையதாகாது.